என் பெயர் கொண்ட சில்வண்டு

மே மாதம் பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. வெயில் கடுமை. காற்று இல்லை, முள்மரங்களின் நுனி இலைகூட அசையவில்லை. இவ்விவரங்களை நான் என் நினைவிலிருந்து எழுதவில்லை. என் மகள் தன் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கும்போதெல்லாம் முதலில் நாளையும் வானிலையையும் தன் வாயாலேயே சொல்லிவிடுவாள். அது அவள் தொழிலின் விதி. அன்றும் அவ்வாறே சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

என் மகள் பூச்சியியல் ஆய்வாளர். வறண்ட நிலங்களில் வாழும் சில்வண்டுகளைத் தேடிச் சென்று, அவற்றுள் இதுவரை எவரும் அறியாதவற்றை இனங்கண்டு வகைப்படுத்துவது அவளது பணியாகும். நான் மோட்டார்களுக்குச் சுருள் கட்டுபவன். மின்விசிறி, தண்ணீர் பம்பு முதலியவற்றில் எரிந்துபோன செம்புக் கம்பியை அறுத்தெடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருவது என் தொழில். நாற்பத்தைந்து வயது வரை என் பெயரை நான் எழுதியதில்லை. தேவைப்பட்ட இடங்களில் கட்டைவிரலை மையில் அழுத்தினேன். அதன் பின்னரே மாலைநேர வகுப்பில் சேர்ந்து, மகள் படித்து முடித்த பாடநூல்களைக் கொண்டு எழுதப் படிக்கக் கற்றேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மழை பொய்த்த ஒரு கோடையில், என் மகள் கல் நிறைந்த ஒரு மேட்டுச் சரிவில் புதியதொரு சில்வண்டைக் கண்டெடுத்தாள். உருவில் சிறியது; வைக்கோல் நிறம்; முதுகில் மூன்று கரும்புள்ளிகள். அதற்கு அவள் என் பெயரைச் சூட்டினாள். என் பெயரின் கடைசியில் லத்தீன் மொழிக்குரிய ஒரு வாலை ஒட்டி, வெளிநாட்டு இதழில் அச்சேற்றி, அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஏன் என் பெயர் என்று கேட்டதற்கு, கையளவுகூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு ஊரையே கூட்டுவதில் அது என்னைப் போலவே இருந்தது என்றாள்.

அதன் பின் நான் செய்தவற்றை மறைப்பதற்கில்லை. கடையின் பெயரை மாற்றினேன். ‘சில்வண்டு மோட்டார் ஒர்க்ஸ்’ என்று புதுப் பலகை எழுதி மாட்டினேன். அதில் அந்த வண்டின் படமும் இருக்க வேண்டும் என்று சொல்லி, மூன்று புள்ளிகளும் சரியான இடத்தில் அமையும் வரை ஓவியரை மூன்று முறை அழித்து வரையச் செய்தேன். விசிறி கொடுக்க வந்தவர்களிடம் அச்சிட்ட பக்கத்தைக் காட்டாமல் விசிறியை வாங்கியதில்லை. மனுஷனுக்குப் பேர் வைப்பார்கள், தெருவுக்கு வைப்பார்கள், பூச்சிக்கு வைத்ததற்கே இவருக்குக் கால் தரையில் படவில்லை என்று என் மனைவி மகளிடம் தொலைபேசியில் புலம்பினாள். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் தினமும் கடை திறக்கும்போது கேட்பார்: “என்னண்ணே, உங்க பூச்சி சௌக்கியமா? சளி கிளி ஒண்ணும் பிடிக்கலையே?” அந்தக் கேலியின் அடியில் பொறாமை இருப்பதாக எண்ணி அதையும் ரசித்தேன்.

இந்த ஆண்டு அவளுடைய உதவியாளர் மாடிப்படியில் கால் பிசகி விழுந்துவிட்டதால், கூட ஓர் ஆள் வேண்டும் என்றாள். என் பெயர் கொண்ட உயிரை உயிரோடு பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. எனவே கடையைப் பூட்டினேன். புதிதாக ஒரு தொப்பியும் வாங்கினேன்.

ஜீப்பை அவளே ஓட்டினாள். தார்ச்சாலை முடிந்து கல்தடம் தொடங்கிய இடத்தில்தான் பயணத்தின் நோக்கத்தைச் சொன்னாள். ஓடைப் பள்ளங்களில் கறுத்த, பெரிய சில்வண்டு ஒன்று உண்டு. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவர் பெயரிட்டுவிட்டார். மழை இல்லாத ஆண்டுகளில் பள்ளத்து வண்டும் மேட்டு வண்டும் வெவ்வேறு மாதங்களில் மண்ணை விட்டு வெளிவருவதால், இரண்டையும் ஒருசேர எவரும் கண்டதில்லை. இந்த ஆண்டு நல்ல மழை. இரண்டும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அவற்றின் பாட்டு ஒன்றாக இருப்பதாக அவளுக்கு ஓராண்டாகவே ஐயம். ஒன்றோடொன்று இணை சேர்வதையும் கண்டுவிட்டால், அவை இரண்டு இனமல்ல, ஒன்றே என்பது உறுதிப்படும். மண்ணுக்கடியில் குடித்த வேர்ச்சாற்றின் அளவுக்கேற்ப ஒன்று கறுத்தும் மற்றொன்று வெளிறியும் வளர்ந்திருக்கிறது என்பதே பொருள். ஓர் இனத்துக்கு இரு பெயர்கள் இருப்பின், முந்தைய பெயரே நிற்கும்.

“அப்போ என் பேரு?” என்றேன்.

“விழுந்துடும்பா.” சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். சற்றுப் பொறுத்து, “முழுசா போயிடாது. தப்பா வெச்ச பேருன்னு பட்டியல்ல இருக்கும்” என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கோ அது சுட்டது. என் பெயர் அச்சில் தப்பு என்றே நிலைத்திருக்கும் என்பதைச் சைக்கிள் கடைக்காரர் கேள்விப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருடம் பொறுக்கலாமே என்றேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்லட்டுமே என்றேன். இந்தப் பொட்டல் காட்டில் வேறு யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றும் கேட்டேன்.

“தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருன்னு சொல்றீங்களாப்பா?”

“அப்படி இல்ல பாப்பா. அவசரம் எதுக்குன்னுதான்.”

அவள் கியரை மாற்றி வண்டியை மேட்டில் ஏற்றினாள்.

மேட்டுச் சரிவும் ஓடைப் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் தனித்து நின்ற ஒரு முள்மரத்தை அவள் தேர்ந்தெடுத்தாள். அகன்ற கிண்ணம் போன்ற ஒலிவாங்கியை அதை நோக்கி நிறுத்தி, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, நாளும் வானிலையும் சொல்லிப் பதிவைத் தொடங்கினாள். மரத்தின் மறுபுறம் சென்று கிளை கிளையாகப் பார்க்கும்படி என்னிடம் முன்னரே சொல்லியிருந்தாள். “ஜோடியா இருந்தா கையை மட்டும் தூக்குங்கப்பா. கிளையைத் தொட்டுடாதீங்க.”

சில்வண்டுகளின் ஓசை அந்த மரத்தை ஓடும் எந்திரம் போல் ஆக்கியிருந்தது. மார்பளவு உயரத்தில், ஒரு வளைந்த கிளையின் அடிப்பக்கத்தில், அவற்றைக் கண்டேன். ஒன்று பெருவிரல் பருமன், கன்னங்கரேல் என்று இருந்தது. மற்றொன்று வைக்கோல் நிறம். பின்புறத்தோடு பின்புறம் ஒட்டி, தலைகள் இரண்டும் விலகி, அசைவற்று இருந்தன. வெளிறியதன் முதுகில் மூன்று புள்ளிகள். அவ்விடத்தில் வேறு எவர் நின்றிருந்தாலும் ஐயப்பட இடமுண்டு. எனக்கு இல்லை. அந்தப் புள்ளிகளை நான் மூன்று முறை வரையச் செய்தவன்.

என் கை உயர்ந்தது. மகள் சொன்னபடியே உயர்வதாகத்தான் ஒரு கணம் நானும் எண்ணினேன். உயர்ந்த கை கிளையைப் பற்றி உலுக்கியது.

கறுத்தது புதருக்குள் விழுந்தது. வெளிறியது கிறீச்சென்று கத்திக்கொண்டு என் தொப்பியில் மோதிப் பறந்தது. மகள் காதுக்கருவியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல. முள்ளு குத்திடுச்சு.”

அவள் என் கையைப் பார்த்தாள். எந்த விரலிலும் முள் இல்லை. ஆயினும் ஒரு விரலை வாயில் வைத்துச் சப்பிக் காட்டினேன். எனக்கு வயது அறுபத்தொன்று.

மாலை வரை வேறு ஜோடி கிடைக்கவில்லை. தங்கும் அறைக்குத் திரும்பினோம். இரண்டு இரும்புக் கட்டில்கள், ஒரு மேசை, பேரிங் தேய்ந்து முனகும் ஒரு மின்விசிறி. அவள் அன்று பிடித்த வண்டுகளை ஊசியில் குத்தி, இறக்கைகளை விரித்து, தக்கைப் பலகையில் வரிசையாக வைத்தாள். நான் ரொட்டியையும் வாழைப்பழத்தையும் எடுத்துவைத்தேன். பிறகு அவள் மடிக்கணினியைத் திறந்து அன்றைய பதிவுகளை ஒலிக்கவிட்டாள். எடுத்த பதிவை அன்றே கேட்டுவிடுவது அவள் வழக்கம் என்பது எனக்குத் தெரியாது.

முதலில் அவள் குரல்: மே பத்தொன்பது, தெளிவான வானம், கடும் வெயில், காற்று இல்லை. அடுத்து ஆண் வண்டின் பாட்டு. அதன் இடையிடையே பெண் வண்டு இறக்கையைத் தட்டிப் பதில் சொல்லும் ‘டிக், டிக்’ என்ற சிறு ஓசை. பதில் நெருங்கி நெருங்கி வந்தது, பாட்டு நின்றது. பாட்டு நிற்பது இணை சேர்ந்ததற்கு அடையாளம் என்பதை வண்டியில் அவள்தான் சொல்லியிருந்தாள். மற்ற வண்டுகளின் தொலைவான இரைச்சலுக்கு மேலாக, அந்த இடைவெளியில் என் செருப்பு கல்லில் உரசும் ஓசை கேட்டது. பின்னர் என் மூச்சு. பின்னர் கிளை சடசடவென்று உலுக்கப்படும் ஓசையும், வண்டின் கிறீச்சொலியும். பின்னர் “என்னப்பா?” என்பது. பின்னர் “ஒண்ணுமில்ல. முள்ளு குத்திடுச்சு” என்பது.

என் குரலை எந்திரத்தில் நான் கேட்டது அதுவே முதல் முறை. அவ்வளவு இனிமையாகவா பொய் சொன்னேன் என்றிருந்தது.

அவள் பதிவை நிறுத்தினாள். மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. நான் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இந்த இடத்துல காத்து அடிச்சிருக்கு போலப்பா. கிளைச் சத்தம் விழுந்திருக்கு. வெட்டிடறேன்.”

வண்டின் இறக்கையை அளக்கையில் மயிரிழை பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து அளப்பவள் அவள். காற்று இல்லை என்று அவள் சொன்ன சொல் அதே பதிவின் தலைப்பில் இருந்தது. அதைப் பொய்யாக்குவதற்கு அவள் விரல் காத்திருந்தது. அவள் காதுமடல்கள் சிவந்திருந்தன. வெட்கப்பட வேண்டியவன் நான். வெட்கமோ அவள் முகத்தில் இருந்தது. அன்று நான் உலுக்கியபோதும், விரலைச் சப்பியபோதும் வராதது, அதைக் கண்டபோது வந்தது. உட்கார்ந்திருந்த கட்டிலோடு பூமிக்குள் போய்விட மாட்டேனா என்று இருந்தது.

“வெட்டாதே பாப்பா.”

அவள் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

“காத்து இல்ல. நீயே சொல்லியிருக்கே. அது நான்தான்…”

“தெரியும்பா.” முடிக்க விடவில்லை. “சாப்பிடுங்க.”

நான் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் நானே தேடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். இணை சேரும் பருவம் சில நாட்களே இருக்கும், கிடைத்தால் பார்ப்போம் என்று, யாரோ ஓர் உதவியாளருக்குச் சொல்வது போல் சொன்னாள். மடிக்கணினியை மூடும்போது பதிவு முழுதாகவே இருந்தது. என் மூச்சும் அதற்குள் இருந்தது.

மே இருபதாம் நாள், திங்கட்கிழமை. கிழக்கே மெல்லிய மேகம். காற்று இல்லை. முதல் நாளின் மரத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த மரத்திலும் இல்லை. குனிந்தும், எம்பியும், முட்கிளைகளுக்குள் தலையை நுழைத்தும் தேடினேன். இம்முறை மெய்யாகவே முள் குத்தியது, வாய் திறக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த அதே வேளையில், கிடைக்காமல் போனாலும் நல்லதுதான் என்ற எண்ணம் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதைத் துரத்திப் பார்த்தேன். போகவில்லை. கடைப் பலகையை இறக்குவதற்கு ஏணி வேண்டுமே என்பதும் நினைவுக்கு வந்தது. தெருவில் ஏணி வைத்திருப்பவர் சைக்கிள் கடைக்காரர் ஒருவர்தான்.

ஓடைக்கு இறங்கும் வழியில், இடுப்பளவே இருந்த ஒரு குத்துமரத்தில், அவை இருந்தன. இம்முறை கறுத்தது மேலே, வெளிறியது கீழே. முதுகில் மூன்று புள்ளிகள். கிளை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இடக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலக் கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். அவள் வந்து சேரும் வரை அதை இறக்கவில்லை. தோள் வலித்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு வந்து, பல கோணங்களில் படம் எடுத்தாள். இரண்டையும் பிரியாமல் குப்பிக்குள் வாங்கி மூடினாள். பிறகு பதிவுக் கருவியை வாயருகே கொண்டுசென்று, நாள், வானிலை, மரம், மண்ணின் தன்மை, கறுப்பும் வெளிறியதும் இணைந்த நிலை என்று விதிப்படி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடுத்தது கண்டவர் பெயர். வேண்டாம் என்று நான் கையசைத்தேன்; நேற்று நான் உலுக்கிய பதிவும் இதுவும் ஒரே கருவியில்தானே இருக்கும். அவள் கருவியைச் சற்று விலக்கி, “யார் பார்த்தாங்களோ அவங்க பேரைத்தான்பா சொல்லணும்” என்றாள். சொன்னாள். லத்தீன் வால் இல்லாத என் பெயர். அந்தக் குரலில் கோபம் இல்லை. தூசு தட்டிய மேசை போல் வெறுமையாக இருந்தது. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குப்பியையும் பார்க்க முடியாமல், அவளையும் பார்க்க முடியாமல், என் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறுதியாக அவள் நேரத்தைச் சொன்னாள்: காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம்.