செபமாலையில் கோத்த நரம்புகள்

ஜன்னலோர இருக்கை கிடைத்தும் எலிசாவால் நிலையாக உட்கார முடியவில்லை. பஸ் திண்டிவனத்தை விட்டுக் கிளம்புவதற்குள் செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். விரல்கள் மட்டும் மடியில் கிடந்த செபமாலையை விடவில்லை. முதல் மணி, சி ஐந்து. இரண்டாவது மணி, சி ஆறு. உதடுகள் அசைந்தன. பார்க்கிறவர்களுக்கு அது செபம்.

இன்று விழுப்புரத்தில் அவளுக்கு அனாடமி வாய்மொழித் தேர்வு. பிசியோதெரபி முதலாண்டில் அவள் தேறாமல் விட்ட ஒரே பாடம். இன்றும் விட்டால், கூடப் படித்த சங்கவி அடுத்த வகுப்புக்குப் போய்விடுவாள். இவள் புதிதாக வருகிற பிள்ளைகளோடு அதே பெஞ்சில் மறுபடி உட்கார வேண்டும்.

படிக்காமல் விட்டதல்ல. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று பக்கம் முழுக்கக் கோடு போட்டிருந்தாள். பத்துப் பத்துத் தடவை எழுதியிருந்தாள். புத்தகம் திறந்திருக்கும்வரை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடினால் பக்கத்தின் நிறம் மட்டும்தான் மிஞ்சும். போன தடவை பரீட்சகர், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலின் நடுவில் பேனாவை வைத்து "இது என்ன?" என்று கேட்டபோது அவளுக்கு வாயே திறக்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் வீட்டுச் செபத்தில் அது தோன்றியது. அந்தப் பின்னலுக்கு ஐந்து கட்டம். சி ஐந்தில் தொடங்கும் ஐந்து வேர்கள் மூன்று தண்டாகச் சேரும், ஆறாகப் பிரியும், மறுபடி மூன்று வடமாகத் திரளும், கடைசியில் ஐந்து நரம்பாகக் கைக்குள் இறங்கும். செபமாலையிலும் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்துகள். மணிக்கு ஒரு பெயராக அன்றே கோத்துவிட்டாள். அதிலிருந்து அம்மா லூர்து மேரி மணிக்கு மணி மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொல்ல, இவள் பக்கத்தில் முழங்காலிட்டு நரம்பு சொன்னாள். தொடக்கத்து மூன்றோடு அம்மா ஐம்பத்து மூன்று மணியையும் சொன்னது மகள் பாஸாக வேண்டும் என்றுதான். அந்த மணிகளிலிருந்தே தான் திருடிக்கொண்டிருப்பதாக எலிசாவுக்குத் தோன்றும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

சங்கவிதான் குறையைக் கண்டுபிடித்தாள். "மூணாவது பத்துலேர்ந்து சொல்லுடி, பார்ப்போம்." முடியவில்லை. முதல் மணியிலிருந்து ஓடி வந்தால்தான் அங்கே போய் நிற்க முடிந்தது. "நீ டவுன் பஸ்டி, எல்லா ஸ்டாப்புலயும் நின்னுதான் வருவ" என்று சிரித்தாள் சங்கவி. "அந்த சாரு நடுவுலதான் கைய வெப்பாரு."

கூட்டேரிப்பட்டில் ஒரு அம்மாளும் மகனும் ஏறி அவள் இருக்கையிலேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். மகனுக்கு முப்பது வயதிருக்கும். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தான்.

"பாப்பா, சாமிதான கும்புட்டுக்கினு கீற? எம்புள்ளைக்கும் ஒண்ணு சேர்த்து வேண்டிக்கம்மா. கை தொங்கிப் போச்சு."

மூன்றாவது பத்தில் இருந்த எலிசாவுக்கு எல்லாம் அறுந்தது. "சரிம்மா" என்று மறுபடி முதல் மணிக்குப் போனாள்.

"பேர மறந்துடாத. கோகுலகிருஷ்ணன்."

"சரிம்மா." மறுபடி முதல் மணி.

"கோவிந்தம்மா மகன்னு சொல்லு, சாமிக்கு அடையாளம் தெரியும். அந்த மாலையக் கொஞ்சம் குடேன், அவன் கையில சுத்தி வெக்கிறேன். நானும் வேளாங்கண்ணிக்குப் போனவதான்."

கேட்கும்போதே எடுத்துவிட்டாள். எலிசாவின் விரல்கள் வெறும் மடியில் தடவின. சி ஐந்து, சி ஆறு... அதற்கு மேல் ஓடவில்லை. தேர்வுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

வேறு வழியில்லாமல் அந்தக் கையையே பார்த்தாள். மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டு மாதிரி மடங்கிக் கிடந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் மாலை நழுவியது. மணிக்கட்டைத் தூக்குவது எது? ரேடியல் நரம்பு. அது எங்கிருந்து வருகிறது? பின் வடத்திலிருந்து. அந்த வடம்? மூன்று தண்டிலிருந்தும் பின்னால் பிரிகிறவை சேர்ந்து. தண்டுகள்? கடைசி மணியிலிருந்து முதல் மணிக்கு வந்து சேர்ந்திருப்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணா, முழங்கைய நீட்டுங்க."

நீட்டினான்.

"விரல?"

முடியவில்லை. முழங்கை நீண்டதால் தோள்வரை கோளாறில்லை. நரம்பு மேல்கை எலும்பை ஒட்டிப் போகிற இடத்தில்தான் ஏதோ அழுத்தியிருக்கிறது.

"எது மேலயாவது கையத் தொங்கப் போட்டுத் தூங்கினீங்களா? சேர் மாதிரி?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். "கல்யாண மண்டபத்துல... பிளாஸ்டிக் சேர்ல... கொஞ்சம் அசந்துட்டேன்."

"கொஞ்சமா? எவளோ கண்ணு வெச்சுட்டாளேன்னு நான் மொளகா சுத்திப் போட்டுக்கினு கீறேன். நீ குடிச்சிட்டு சேர்ல கவுந்து கெடந்தியா?" முன் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். கோவிந்தம்மாள் எலிசாவைப் பார்த்துக் கைகூப்பினாள். "மாலையச் சுத்துனதும் சாமி வந்து உன் வாயால சொல்லுது பாரேன்!"

எலிசாவுக்கு முகம் சுட்டது. தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"இல்லம்மா. நான் சாமி கும்பிடல. பாடம் சொல்லிக்கினு இருந்தேன். இன்னைக்குப் பரீட்சை."

"மணியிலயா?"

"ஆமா."

"அப்ப எம்புள்ளைக்கு நீ வேண்டிக்கவே இல்ல."

கோவிந்தம்மாள் மகனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, பரீட்சைய முடிச்சிட்டு வேண்டிக்க."

"ஆஸ்பத்திரி எறங்கு, ஜல்தி!" என்றார் கண்டக்டர். தாயும் மகனும் எழுந்தார்கள்.

"டாக்டர்கிட்ட அந்த சேரைச் சொல்லுங்கண்ணா, மறைக்காதீங்க" என்றாள் எலிசா. பஸ் நகர்ந்த பிறகுதான் பார்த்தாள். சாலையைக் கடக்கிற அந்தத் தொங்கிய கையில் செபமாலை அப்படியே சுற்றியிருந்தது.

தேர்வு அறையில் அதே பரீட்சகர். அதே பேனா, பின்னலின் நடுவில். எலிசாவின் கை தானாகப் பைக்குள் போய் வெறுமையைத் தொட்டது. அந்தக் கீரைத்தண்டுக் கையை நினைத்துக்கொண்டாள். அதன் விரல் நுனியிலிருந்து பின் வடம்வரை மேலே ஏறி வந்தாள்.

"போஸ்டீரியர் கார்டு, சார்."

"ஏம்மா, கீழேர்ந்து மேல போற?"

"அப்படித்தான் சார் தெரியுது."

அவர் பேனாவை வேறு இடத்துக்கு மாற்றினார். பிறகு இன்னொன்று. ஒன்றில் தடுமாறினாள், மற்றவற்றைச் சொன்னாள். "போன தடவ இந்த வாய் எங்கம்மா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே மதிப்பெண்ணை எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மாவின் அழைப்பு. "நல்லா சொன்னியா? மாலை கையில இருந்துச்சா?"

"சொன்னேம்மா. மாலை இல்ல."

"தொலைச்சிட்டியா?"

"ஒருத்தர் கையில இருக்கு. வந்து சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

திரும்புகிற பஸ்ஸில், விரல் கணுக்களை எண்ணிக்கொண்டு கோவிந்தம்மாள் மகனுக்காக மங்கள வார்த்தை சொல்லத் தொடங்கினாள். நான்காவது கணுவில் சி எட்டு வந்து குறுக்கே நின்றது. முதலிலிருந்து தொடங்கலாமா என்று விரல் பரபரத்தது. அவள் விடவில்லை. நான்காவதிலிருந்தே மேலே போனாள்.