ராக்கெட்டுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

லாரியின் முன்சக்கரங்களுக்கு அடியில் ரஞ்சிதம் அக்கா எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது நான் கல்லில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்கால நேரம். கேமரன்மலையின் கம்போங் ராஜா கடைத்தெருவில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி எங்கள் கடைக்கு எதிரே ரோட்டோரமாக நின்றது. புது வண்டி முதன்முதலாகக் கிளம்பும்போது பழத்தின் மேல் ஏற்றி நசுக்குவது எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் தர்மேந்திரனின் லாரி பழைய லாரி. கதவைக் கயிற்றால் கட்டித்தான் ஓட்டுவான். பழம் லாரிக்கு இல்லை. உலகத்தின் அந்தப் பக்கத்தில், அமெரிக்காவில், ஒரு கடற்கரையில் நின்றுகொண்டிருந்த ராக்கெட்டுக்கு.

அந்த ராக்கெட்டின் தலையில் ஒரு தொலைநோக்கி இருந்தது. அதற்குள் இருந்த கேமராக்களைப் பரிசோதித்தவர்களில் ரஞ்சிதம் அக்காவின் மகள் அன்பரசியும் ஒருத்தி. அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடிக்கிறவர். மறுபக்கத்தை ஒரு நேப்பாளக்காரர் பிடிப்பார். வேலை முடிந்து லைன் வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் எங்கள் கடையில் நின்று தேத்தண்ணி குடிப்பார். மகளைப் பற்றிய பேச்சு எடுக்காமல் கிளாஸைக் கீழே வைத்ததில்லை. "கேமராவைக் குளிர்ல வச்சு, கெட்டுப்போகுதான்னு பாக்குறாளாம் தம்பி. கேமரன்மலையில பொறந்த புள்ளைக்கு அது ஒரு வேலையா?" என்பார். வெகு தூரத்தில் இருக்கும் சூரியன்களுக்குக் குறுக்கே ஏதாவது போனால் வெளிச்சம் ஒரு துளி குறையுமாம். அந்தக் குறையை வைத்து அங்கே ஒரு பூமி சுற்றுகிறது என்று கண்டுபிடிப்பார்களாம். இதை அவர் எனக்குத் தட்டையும் தேங்காய்ச்சில்லையும் வைத்துக் காட்டியிருக்கிறார்.

"இருக்கிற பூமியிலயே நம்மளுக்கு நெலம் இல்ல, வேற பூமி தேடுறாங்களாக்கா?" என்று தர்மேந்திரன் கிண்டல் செய்வான்.

"கெடைச்சா ஒனக்கு ஒரு ஏக்கர் எழுதச் சொல்றேன். லோரிய எடுத்துக்கிட்டு அங்கயே போயிடு."

படிக்கப் போன பெண் ஐந்து வருடமாக வீட்டுக்கு வரவில்லை. முதலில் படிப்பு. பிறகு இந்த வேலை. இதோ ஏவுகிறோம், அதோ ஏவுகிறோம் என்று தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா முறுக்குச் சுட்டு, பிறகு அதை எங்கள் கடைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். தோட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டாள் என்றார்கள். ராக்கெட்டாவது ஒன்றாவது, ஏதோ கடையில் நிற்கிறாள் என்றும் சொன்னார்கள். அக்கா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. "அது மேல ஏறிடுச்சின்னா மறுவாரமே வரேன்னு சொல்லியிருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான். ராக்கெட் ஏற வேண்டும், மகள் இறங்க வேண்டும்.

ராக்கெட்டின் அடியிலேயே ரெண்டு பழம் வைக்க முடியுமா என்று மகளிடம் கேட்டிருக்கிறார். நெருப்பு வருகிற இடத்தில் எதையும் வைக்க விடமாட்டார்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். "அப்ப நான் இங்க வச்சுக்கிறேன்" என்று அக்கா முடிவு செய்துவிட்டார். ஏவுவது பதினாறாம் தேதி, சாயங்காலம் ஆறரைக்கு என்று மகள் சொல்லியிருந்தாள். அன்று எங்கள் முதலாளி ஷஹாபுதீன் பாய், பந்து விளையாட்டு காட்டுகிற பெரிய திரையைக் கீழே இறக்கிவிட்டார். கடை நிறைந்துவிட்டது. தோட்டத்து ஆட்கள், பூத்தோட்டத்து ஆட்கள், மழைக்கு ஒதுங்கியதுபோல் சும்மா வந்து நின்றவர்கள். எல்லோரும் சேர்ந்து பத்திலிருந்து கீழே எண்ணினார்கள். தர்மேந்திரன் ஹாரனை அடித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். பழங்கள் சட்டென்று வெடித்தன. கைத்தட்டல். லாரி கோலாலம்பூர்ப் பக்கம் போய் மறைந்தது. அதன் பிறகுதான் எல்லோரும் திரையைப் பார்த்தோம். திரையில் யாரோ ஒருவர் சலவைத்தூள் விற்றுக்கொண்டிருந்தார்.

பாய் அந்தச் சானல் இந்தச் சானல் என்று தேடினார். அக்கா மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் தூக்கம் கலையாத குரல் வந்தது.

"அம்மா, இங்க இப்பதான் விடியுதும்மா. சாயங்காலம்னா இங்க சாயங்காலம். ஒங்களுக்கு நாளைக்குக் காலையில."

கடையே சிரித்தது. "பந்து பாக்க மட்டும் நடுச்சாமத்துல கரெக்டா முழிச்சிக்கிறீங்க. இதுக்கு ஒருத்தருக்கும் மணி பாக்கத் தெரியல லா!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். அக்காவும் சிரித்தார். கடைக்கோடி மேசையில் இருந்த கிழவர் ராமையா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடியே சொன்னார்: "வண்டி கெளம்பாம பழத்த நசுக்குனா, அந்த வண்டி நிக்கும்னு சொல்லுவாங்க."

மறுநாள் காலையில் அக்கா வந்தார். திரையில் ராக்கெட் இருந்தது. வெள்ளையாக, உயரமாக, புது ஸ்கூல் சட்டை போட்ட பிள்ளைபோல நின்றது. அப்புறம் கீழே எழுத்து ஓடியது. எதையோ மறுபடி சரிபார்க்க வேண்டுமாம். இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அக்கா தேத்தண்ணியைத் தொடவில்லை. "நாந்தான் நிறுத்திட்டேன் தம்பி" என்றார்.

"என்னக்கா நீங்க. கம்போங் ராஜாவுல நசுக்குன பழம் அமெரிக்கா வரைக்குமா போகும்?"

"நல்லதுக்குப் போகும்னு நம்பித்தான வச்சேன்? அப்ப கெட்டதுக்கும் போகும்ல."

நான் சாயல்குடிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வேலைக்கு வந்தவன். எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. கிடைத்ததைப் படிப்பேன், அவ்வளவுதான். இந்தக் கேள்விக்குப் பெரிய படிப்புப் படித்தவர்களிடமும் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். அந்த இரண்டு நாளும் அக்கா கடைப்பக்கமே வரவில்லை. மகளுக்கும் போன் போடவில்லை என்று லைன் வீடுகளில் சொன்னார்கள். தன் குரல் போனால்கூட ஏதாவது கெட்டுவிடும் என்று பயந்தாராம். அவர் வந்து நிற்கிற நேரத்துக்கு நான் பழக்கத்தில் கிளாஸை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போட்டபோது தர்மேந்திரனின் லாரி எதிரே நின்றது. முந்தின சாயங்காலம் சரக்கு ஏற்றாமலேயே கொண்டுவந்து நிறுத்தி, உள்ளேயே தூங்கியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அக்கா தனியாக வந்தார். தலையில் துண்டு, காலில் தோட்டத்து பூட்ஸ். "பழம் கிழம்னு யாரும் பேசக் கூடாது. பாத்துட்டுப் போயிடுறேன்" என்று மூலையில் உட்கார்ந்தார்.

இன்னும் இருட்டு விலகவில்லை. மேலே தோட்டத்து ரோட்டிலிருந்து விளக்குகள் இறங்கிவந்தன. தோட்டத்து லாரி. அதிலிருந்து முப்பது நாற்பது பேர் குதித்தார்கள். எல்லோருக்கும் பின்னால், கையில் டார்ச்சோடு கிராணி ராமசாமி இறங்கினார். விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆளை வேலைக்குப் பிரிக்கிறவர் அவர்தான். அக்கா பதறி எழுந்தார்.

"கிராணி, நான் இன்னைக்கு லீவு சொல்லிட்டேனே..."

"ஒக்காரு. நீ வரலன்னா மெஷினுக்கு ஜோடி இல்ல. இந்தா நிக்கிறான் பாரு நேப்பாளக்காரன், அவனும் சும்மா நிப்பான். அதான் பெரட்ட இங்கயே எடுத்துடலாம்னு வந்தேன். ஒனக்காக ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு அவர் திரையைத்தான் பார்த்தார்.

கடைக்குள் நின்றபடியே பெயர்களைக் கூப்பிட்டார். ஆளாளுக்கு வாயில் ரொட்டியோடு குரல் கொடுத்தார்கள். கடைசியில், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "அன்பரசி!" என்றார்.

"அது மொதல்லயே வேலைக்குப் போயிடுச்சு கிராணி!" என்று வாசலிலிருந்து தர்மேந்திரன் கத்தினான். அக்கா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நான் அவர் அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாய் அடுப்படிக்குள் போய், தேத்தண்ணிக்குப் பிழிகிற எலுமிச்சைக் கூடையிலிருந்து ரெண்டு பழத்தை எடுத்து வந்து அக்காவின் முன்னால் வைத்தார்.

"வேணாம் பாய்."

"எனக்கு இதுல நம்பிக்க கெடையாது. ஒனக்கு இருக்குல்ல? மொத தடவ சீக்கிரமா நசுக்கிட்ட, அதான் தப்பு. இப்ப அது கெளம்புனதும் நசுக்கு. கணக்கு நேராயிடும்."

அக்கா பழத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டுக்குப் போனார். "டேய் தர்மா, நான் சொல்ற வரைக்கும் எடுக்காத. சொன்னதும் எடுத்துடணும்."

திரையில் எண்கள் குறைந்தன. அக்கா ரோட்டில் நின்றபடி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கெட்டின் அடியில் புகை கிளம்பியதும் "எடுடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. லாரி ஒரு இருமல் இருமியது. அப்புறம் ஒன்றுமில்லை.

"பேட்டரி போச்சுக்கா! ரேடியோவ கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன்லா!"

"பாவி! தள்ளுங்கடா!"

முதலில் ஓடியது நேப்பாளக்காரர். பிறகு மொத்தப் பெரட்டும் ஓடியது. பாய் ஓடினார். கிராணி டார்ச்சைக் கக்கத்தில் செருகிக்கொண்டு ஓடினார். ராமையா கூடத் தன் ரொட்டியை விட்டுவிட்டு எழுந்து ஓடினார். கையெல்லாம் மாவும் எண்ணெயுமாக, கல் சூட்டை விட்டு நகர முடியாமல் நான் மட்டும் நின்றேன். அதனால் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நெருப்பு ஒரு கோடாக நீண்டது. ராக்கெட் முதலில் தயங்குவதுபோல் இருந்தது, பிறகு தயக்கமே இல்லாமல் ஏறியது. நீல வானம். எங்கள் இருட்டுக்குள் அந்த நீலம் கண்ணைக் கூச வைத்தது. ஆளில்லாத மேசைகள், ஆவி பறக்கிற கிளாஸ்கள், அத்தனைக்கும் நடுவில் அது ஏறிக்கொண்டே இருந்தது. வெளியே ஐம்பது தோள்கள் ஒரு பழைய லாரியைத் தள்ளின. பழம் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர்கள் போட்ட கூச்சல்தான் கேட்டது. "போயிடுச்சு! போயிடுச்சு!" என்று நானும் கத்தினேன். நாடு விட்டு வந்ததிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது திரையில் ஒரு புள்ளிதான் மிச்சம் இருந்தது. கிராணி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான்கு தடவை சொன்னார். ஒருவரும் அசையவில்லை. அவரும் இன்னொரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். தொலைநோக்கி ராக்கெட்டை விட்டுப் பிரிந்து தனியாகப் போகிறது என்று திரையில் சொன்னார்கள். அங்கே எல்லோரும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. வீடியோ கால். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடுவே போய் நின்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். அன்பரசியை அன்றுதான் பார்த்தேன். அம்மாவின் அதே மூக்கு. அழுது அழுது கண் சின்னதாகியிருந்தது.

"பாத்தியாம்மா?"

"எங்கடி பாத்தேன். தள்ளிக்கிட்டுல இருந்தேன்."

"எதம்மா தள்ளுன?"

அக்கா சொல்ல ஆரம்பித்தார். பழம், பேட்டரி, கிராணி என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னார். ஒன்றும் புரியாமலே அந்தப் பெண் சிரித்தாள். அக்கா நடுவில் நிறுத்தினார். கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டார்.

"எப்படி, வரியா?"

"வரேம்மா. கேமரா கண்ணு தொறக்குதான்னு பாத்துட்டு, அடுத்த மாசம் வந்துடுறேன். இந்தத் தடவ தள்ளாது."

"மறுவாரம்னு சொன்ன" என்றார் அக்கா. ஆனால் அவர் குரலில் கோபம் இல்லை. "சரி, முறுக்குக்கு மாவு அரைக்க நேரம் இருக்கு."

அப்போது கிழக்குப் பக்கத்து மலைக்கு மேல் வெயில் வந்து முட்டைக்கோஸ் பாத்திகளின் பிளாஸ்டிக் கூரைகள்மேல் விழுந்தது. "இங்க பாரு, இப்பதான் பொழுது கெளம்புது" என்று அக்கா போனை மலைப்பக்கம் திருப்பினார். "இங்க எறங்குதும்மா, இந்தா" என்று அவளும் தன் போனை மேற்குப்பக்கம் திருப்பினாள். இரண்டு பேர் முகமும் மறைந்துவிட்டது. அக்காவின் கைக்குள் ஒரு சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, மலைமேல் அதே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாயல்குடியில் இன்னும் விடிந்திருக்காது. இங்கிருந்து அந்தச் சூரியன் அங்கேதான் போகும்.