கதைக்கு ஒரு கைப்பிடி இறால்

எங்கள் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்கு வாய் கிடையாது. பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய, தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்வோம். இரண்டு கையும் சேற்றைத் துழாவும். அகப்பட்டது நேராகப் பறிக்குள் போகும். பேசினால் பறி போய்விடும். அதனால்தான் எங்கள் வரிசையில் ஒருத்தி மட்டும் பறி இல்லாமல் வந்து கதை சொல்லுவாள். கரையேறியதும் ஆளுக்கு ஒரு கைப்பிடி இறால் அவளுக்குப் போடுவோம்.

அவள் மாலதி. பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய புத்தகங்களைப் படித்துவிட்டு வருவாள். விடியற்காலையில் வானமும் ஏரியும் ஒரே நிறமாகக் கிடக்கும். எது தண்ணீர், எது கதை என்று எனக்குச் சில நாள் தெரியாது. தூக்கத்தில் போவதுபோல் போய்க்கொண்டிருப்பேன். கை தன்பாட்டுக்கு இறாலைப் பிடிக்கும். அந்தச் சுகம் எனக்கு வேறெதிலும் வாய்த்ததில்லை.

அதில் ஒரு கதை லோகநாயகி அக்காவுக்கு உயிர். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன பெண், பல வருடம் கழித்து ஒரு மழைநாளில் திரும்பி வருவாள். அம்மா கதவைத் திறப்பாள். அக்காவின் மகளும் அப்படித்தான் போனாள். ஒரு போன்கூடக் கிடையாது. அந்தக் கதையை அடிக்கடி கேட்காவிட்டால் அக்காவுக்குச் சோறு இறங்காது. மாலதியின் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களே இல்லை என்பதும், அந்த மழைநாள் அவளுடைய சொந்தச் சரக்கு என்பதும் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயேது?

மாலதியின் தங்கை ஆர்த்தி மீஞ்சூரில் வேலை பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சிலேட்டு மாதிரி ஒரு படிக்கிற மெஷினோடு எங்களுடன் ஏரிக்கு வந்தாள்.

"தண்ணி பட்டாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது, முத்தம்மாக்கா. எத்தினி புக்கு வேணாலும் இதுக்குள்ள கீது. அதுவே படிச்சும் காட்டும்" என்றாள் என்னிடம்.

எங்கள் மாலதி இருக்க இது எதற்கு என்று சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு. ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். எழுத்தைப் பூசணி விதை அளவுக்கு அது பெரிதாக்கியபோது, கண்ணாடி இல்லாமல் நானே ஒரு வரி படித்தேன். உப்புக்காற்றில் ஊதிப்போன மாலதியின் புத்தகங்கள் எனக்கு அந்த உபகாரத்தைச் செய்ததில்லை.

"லோகா அக்காவோட கதகூட இதுல முழுசா கீது" என்றாள் ஆர்த்தி.

மாலதியின் முகம் செத்துப்போனது. "அது இன்னாத்துக்கு? வேற எதுனா போடு."

"அதையே போடும்மா" என்றாள் லோகநாயகி அக்கா. "அச்சு அசலா இன்னா எழுதிகீறாங்கன்னு கேக்கலாம்." சொல்லிவிட்டுப் பறியைக் கவ்விக்கொண்டாள்.

மெஷின் ஒரு பெண்குரலில் படித்தது. யாருக்காவது கெளுத்தி முள் குத்தினால் மாலதி கதையை நிறுத்துவாள். இது நிற்கவில்லை. ஆனால் பிசகே இல்லை. ஒரு சொல்லைக்கூட விடவில்லை. வெயில் தண்ணீரில் மெல்லப் பரவியது. எதற்குப் பயந்தேன் என்பதையே மறந்து, நானும் சொக்கித்தான் போனேன்.

கடைசியில் அந்தப் பெண் வந்தாள். மழை இல்லை. கதவைத் தட்டினாள். உள்ளே அம்மா விளக்கை அணைத்தாள். பெண் திரும்பிப் போனாள். கதை முடிந்தது.

லோகநாயகி அக்காவின் வாய் திறந்துகொண்டது. பறி கவிழ்ந்து, காலையெல்லாம் பிடித்த இறால் மொத்தமும் தண்ணீருக்குள் போனது. 

"நான் அணைக்கலயே" என்றாள் அக்கா. "எங்க வூட்ல ராவெல்லாம் லைட்டு எரிஞ்சிகினுதானே கீது, மாலதி."

ஆர்த்தி மெஷினை அணைத்துவிட்டு, "தெரியாம போட்டுட்டேன்க்கா" என்றாள். மாலதி மிதந்துபோன பறியைப் பிடித்துக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளை அக்கா விடவில்லை.

"எழுதினவங்க அவங்க வூட்ட எழுதிகீறாங்க. நீ நம்ம வூட்ட சொல்லு."

மாலதி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அன்னிக்கு நல்ல மழ…"

அக்கா பறியை மறுபடியும் கவ்விக்கொண்டாள். வரிசையில் இருந்த நாங்கள் ஒவ்வொருத்தியாக அவளிடம் நகர்ந்துபோய், ஆளுக்கு ஒரு கைப்பிடி இறாலை அதில் போட்டோம். அன்றைக்குப் பங்கு கதை கேட்டவளுக்கு.