நாற்பது புள்ளிக்கு ஒரு கைட்

கொம்பியூட்டரைக் கண்ணாலும் காணாத ஊரில் இருந்துகொண்டு கொம்பியூட்டர்ச் சோதினைக்குக் கைட் புத்தகம் தெரிவு செய்வது எவ்வளவு பெரிய தலையிடி என்று பத்மாசினியைக் கேட்டால் சொல்லுவாள். அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. அச்சுவேலியில் கரண்ட் போய் மூன்று வருடம். டோர்ச்சுக்குப் பட்டறி கூட வராத தடைக் காலத்தில் கொம்பியூட்டர் படிக்க வெளிக்கிட்டவளைப் பார்த்து ஊர் சிரித்ததில் பிழையில்லை.

ஆனால் சோதினை மெய்யாகவே வந்திருந்தது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொழும்பு நிறுவனம் ஒன்று வருடாவருடம் வைக்கிற சோதினை அது. அந்த முறை யாழ்ப்பாணத்திலும் வைப்பதாக அறிவித்துவிட்டார்கள். பாஸ் பண்ணினால் இரண்டு வருடப் படிப்பு இலவசம். பதினெட்டு வயது நிறைந்தால் எழுத முடியாது. பத்மாசினிக்கு மார்கழியில் பதினெட்டு நிறைகிறது. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

வினாத்தாளில் முதலாம் கேள்வி கட்டாயம், நாற்பது புள்ளி. அது எப்போதும் புளோ சார்ட். ஒரு வேலையை முதலில் இது, பிறகு அது என்று பெட்டியும் அம்புக்குறியுமாகக் கீறிக் காட்ட வேண்டும். அதை விட்டுவிட்டுப் பாஸ் பண்ணின ஆள் இல்லை என்றார் டியூசன் மாஸ்டர் செல்வரட்ணம். சொன்னவர் அதைப் படிப்பித்துத் தொலைக்கலாமே! அங்கேதான் வில்லங்கம். கணக்கில் அவர் புலி, கொம்பியூட்டரில் அரைவாசி. எண்பத்து மூன்றில் கொழும்பில் மூன்று மாதக் கோர்ஸில் சேர்ந்தவர். ஒன்றரை மாதத்தில் கலவரம் வந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினவர் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. புளோ சார்ட் கோர்ஸின் இரண்டாம் பாதியில் இருந்ததாம். "அதைப் புத்தகத்திலை பாருங்கோ பிள்ளையள்" என்பார். எந்தப் புத்தகத்தில்? ஊரில் ஒன்று இருந்தால்தானே பார்க்க!

அந்த நேரம் பார்த்து அம்மாவின் தம்பி தம்பிஐயா மாமா கண்ணைக் காட்டக் கொழும்புக்கு வெளிக்கிட்டார். பங்கீட்டுச் சாமான் கொடுக்கிற சங்கக் கடையில் மனேச்சர். இருபது வருடம் கூப்பன் காட் பார்த்த கண் அது.

"ஒரு புத்தகம்தான் கொண்டு வருவன். ரெயில் வவுனியாவோடை சரி. ஆமிக் காம்பைத் தாண்டி இங்காலை எல்லாம் தோளிலை சுமக்க வேணும். பிறகு கிளாலிக் கடலிலை வள்ளம். ரெண்டெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

எந்தப் புத்தகம்? கொழும்பில் இருந்த பெரியப்பாவின் மகள் விசாரித்து எழுதியிருந்தாள். கடையில் இரண்டு கைட் இருக்கிறதாம். பச்சை அட்டை போட்டது அறுநூறு பக்கம், எழுத்தே எழுத்து, படம் மருந்துக்கும் இல்லை. மஞ்சள் அட்டை போட்டது நூற்றுப் பன்னிரண்டு பக்கம், அதில் நாற்பது பக்கத்துக்கு மேல் புளோ சார்ட். கடிதம் வந்த அன்று வீட்டில் தொடங்கின சண்டை மூன்று நாள் ஓயவில்லை.

"அறுநூறு பக்கத்தை விட்டிட்டு ஆராவது நூறு பக்கத்தை வாங்குவானோ?" என்றார் அப்பா சீவரத்தினம்.

"அப்பா, நாப்பது புள்ளி மஞ்சளிலைதான் இருக்கு."

"தடிச்ச புத்தகத்திலை எல்லாம் இருக்கும் பிள்ளை."

"அதிலை படமே இல்லையெண்டு அக்கா எழுதியிருக்கிறா!"

"படம் பாக்கவோ படிக்கப் போறாய்?"

இந்த மனிதரோடு கதைத்து வெல்ல முடியுமா? சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனாள். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பச்சையில் ஆழம் இருக்கிறது என்றார். மஞ்சளில் தெளிவு இருக்கிறது என்றார். ஆழமும் வேண்டும், தெளிவும் வேண்டும் என்றார்.

"நீங்கள் ரெண்டிலை ஒண்டையாவது கண்டனீங்களோ சேர்?"

"இல்லை" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பத்மாசினிக்குத் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு துண்டில் 'மஞ்சள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாமாவின் சட்டைப் பையில் வைத்தாள். அப்பா இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

போய்ப் பதினெட்டாம் நாள் மாமா வந்து சேர்ந்தார். சோதினைக்கு இன்னும் ஒன்பது நாள். பையைக் கீழே வைக்கவும் விடாமல் புத்தகத்தைப் பறித்தாள். மஞ்சள் அட்டை, சரியான புத்தகம். விரித்தாள். முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் பிறகு அறுபத்தொன்று. எழுபதுக்குப் பிறகு தொண்ணூற்று மூன்று. நடுவில் கிழித்த ஒற்றைகளின் அடி மட்டும் தும்பு தும்பாக நின்றது.

"மாமா, இதென்ன?"

"அதுவோ? நான்தான் கிழிச்சனான்."

அவர் சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும்! பாலில் விழுந்த எறும்பை எடுத்துப் போட்டவர் மாதிரி.

"ரெயிலிலை பக்கத்திலை இருந்தவர் வாங்கிப் பாத்தார் பிள்ளை. பெட்டி, அம்புக்குறி, 'தொடக்கம்', 'முடிவு'. ஐயா, இது என்ன பிளானோ எண்டு கேட்டார். வவுனியாக் காம்பிலை ஆமிக்காரன் பாத்தால் என்னெண்டு நினைப்பான்? எந்தக் காம்புக்கு எந்த வழியாலை போறது எண்டு கீறி வைச்சிருக்கிறன் எண்டுதானே? வவுனியா ஸ்ரேசன் வாங்கிலிலை குந்தி இருந்து கிழிச்சு எறிஞ்சனான். எழுத்துப் பக்கமெல்லாம் பத்திரமா இருக்கு."

எழுத்துப் பக்கமெல்லாம் பத்திரமாக இருக்கிறதாம்! எழுத்து வேண்டுமென்றால் அந்தப் பச்சை அறுநூறையே வாங்கியிருக்கலாமே.

"நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கினார் அப்பா.

"அப்பா, நீங்கள் தயவு செய்து பேசாமல் இருங்கோ!"

அவள் போட்ட சத்தத்தில் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். பத்மாசினி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். ஒரேயொரு பக்கம் தப்பியிருந்தது. அதில் அம்புக்குறி இல்லாததால் மாமா விட்டுவைத்திருக்கிறார். நீள்வட்டம் போட்டால் தொடக்கம் அல்லது முடிவு, பெட்டி போட்டால் செய்ய வேண்டிய வேலை, சாய்சதுரம் போட்டால் கேள்வி. கேள்வியிலிருந்து 'ஓம்' என்று ஒரு வழியும் 'இல்லை' என்று ஒரு வழியும் போக வேண்டும். இவ்வளவும்தான் இருந்தது. எதை எதோடு பொருத்துவது என்று காட்டின பக்கமெல்லாம் வவுனியாக் காற்றில் பறந்துகொண்டிருக்கும்.

கோபத்தில் கொப்பியையும் பென்சிலையும் எடுத்தாள். "என்னெண்டு கிழிச்சனீங்கள்? முதலிலை இருந்து சொல்லுங்கோ."

"ஒவ்வொரு பக்கமாப் பாத்தன். படம் இல்லையெண்டால் விட்டன்."

சாய்சதுரம் போட்டாள். "இருந்தால்?"

"அம்புக்குறி இருக்கோ எண்டு பாத்தன். இருந்தால் கிழிச்சன். பிறகு அடுத்த பக்கம்."

அடுத்த பக்கம் என்றால் மறுபடி மேலே போக வேண்டும். அம்புக்குறியைச் சுற்றி வளைத்து முதல் கேள்விக்கே கொண்டுபோனாள். பக்கம் முடிந்ததா என்று இன்னொரு கேள்வி. பென்சில் கடதாசியைக் கிழிக்கிற மாதிரி ஓடியது.

"காம்பிலை புத்தகத்தை எடுத்துப் பாத்தாங்களோ?"

மாமா நிலத்தைப் பார்த்தார். "இல்லைப் பிள்ளை. பையைத் திறக்கவே இல்லை. ஆமிக்காரன் போ எண்டு கையைக் காட்டினான்."

அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக ஒரு சாய்சதுரம் போட்டு 'பையைத் திறந்தானோ?' என்று எழுதினாள். 'இல்லை' வழியில் 'கிழிக்காதே' என்று பெட்டி போட்டு மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதைப் பாத்துச் சொல்லுங்கோ. இப்பிடித்தானே செய்திருக்க வேணும்?"

மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூப்பன் காட்டைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கேள்வி மேலை வராது, பிள்ளை."

"ஏன் வராது?"

"அவன் திறப்பானோ மாட்டானோ எண்டது நான் அவனுக்கு முன்னாலை போய் நிண்ட பிறகுதானே தெரியும். கிழிக்கிறதெண்டால் அதுக்கு முதலே கிழிக்க வேணும்."

பத்மாசினி அழிறப்பரை எடுத்து மேலே இருந்ததை அழித்தாள். அதே கேள்வியை, கிழித்து முடிந்த இடத்துக்குக் கீழே போட்டாள். 'ஓம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் கிழித்த பக்கம் கிழித்ததுதான், திரும்பி வராது. இரண்டு அம்புக்குறியும் ஒரே 'முடிவு' நீள்வட்டத்துக்குத்தான் போயின.

கோபம் போகவில்லை. நாற்பது புள்ளியைக் கிழித்தெறிந்த மனிதர் மேல் எப்படிப் போகும்? ஆனால் அவரைப் பார்த்துக் கத்த இனி வாய் வரவில்லை. கீறினதை மறுபடி பார்த்தாள். கேள்விக்கு இரண்டு வழி இருந்தது, சுற்றி வருகிற அம்புக்குறி இருந்தது, தொடக்கமும் முடிவும் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுப் பக்கம் திருப்பினாள்.

"சங்கக் கடையிலை மண்ணெண்ணெய் குடுக்கிறதைச் சொல்லுங்கோ. கூப்பன் காட்டைக் கையிலை வாங்கிறதிலை இருந்து, ஒண்டும் விடாமல்."

"இப்பவோ? வந்து இன்னும் முகம் கழுவேல்லை."

"இப்பதான். அது முடிஞ்சால் சீனி, பிறகு மா. சோதினை முடியும் மட்டும் நீங்கள்தான் என்ரை கைட்."

மாமா சால்வையை உதறி மடியில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"சரி, தொடக்கம் எண்டு போடு" என்றார்.