பத்துக்கு மூணு

எங்கள் கோச்சுக்கு ஒரு வழக்கம். சீசனில் முதல் நான்கு ஆட்டங்கள் முடிந்ததும், உடை மாற்றும் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு கத்தை துண்டுச்சீட்டு கொடுப்பார். கூட ஆடுகிற ஒவ்வொருத்தியைப் பற்றியும் ஒரு வரி, பத்துக்கு ஒரு மதிப்பெண். எழுதியவள் பெயர் போடக் கூடாது. பிறகு ஜெர்சி எண் வரிசையில் அவரே சத்தமாக வாசிப்பார். "மூஞ்சிக்கு நேரா பேச மாட்டீங்க, முதுகுக்குப் பின்னாடி நல்லா பேசுவீங்க. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு" என்பார்.

நான் ஏழாம் எண். எட்டு, என் சித்தி மகள். அவள் கையில் முதன்முதலில் பந்தைக் கொடுத்ததே நான்தான். கல்லூரி கூடைப்பந்து அணியில் சேர்க்கச் சொல்லி கோச்சின் உயிரை வாங்கியதும் நான்தான். இருவரும் ஆடுவது ஒரே இடம், ஆட்டத்தை நடத்துகிற கார்டு. அதனால் நான் ஆடுவேன், அவள் பெஞ்சில் இருப்பாள். சீட்டு வாசித்து முடித்ததும் முதல் ஐந்து பேரை கோச் அறிவிப்பார். பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போவது அந்த ஐந்து பெயர்கள்தான். எனக்கு இது கடைசி வருடம். விட்டால் விட்டதுதான்.

இரண்டாவது ஆட்டத்தில் தப்பாகக் கால் ஊன்றி என் வலது முட்டி பிசகிவிட்டது. அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. சித்தி மகளிடம் மட்டும் சொன்னேன். அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கும் முன்னால் கழிவறைக் கதவைத் தாழ் போட்டு, என் முன் உட்கார்ந்து அவள்தான் முட்டியில் டேப் சுற்றினாள். மேலே நீகேப் உறையை ஏற்றி விட்டு, "வலிக்குதாக்கா?" என்று கேட்பாள். கண் கலங்கியிருக்கும். அதையும் நம்பினேன், மடச்சி.

நான்காவது ஆட்டம் முடிந்து, டேப்பைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கோச் என் சீட்டுகளை எடுத்தார்.

"பாஸ் அருமை, பத்துக்கு எட்டு." இரண்டாவது சீட்டு: "வாய்தான் கொஞ்சம் நீளம், பத்துக்கு ஏழு."

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது சென்டர் இடத்தில் ஆடுகிற எங்கள் ஒட்டடைக்குச்சியின் வேலை என்று தெரிந்து நானும் சிரித்தேன். அடுத்த சீட்டை அவர் முதலில் மனதுக்குள் படித்தார்.

"வலது முட்டி சரியில்ல. நீகேப்புக்குள்ள ரெண்டு சுத்து டேப் இருக்கு. கோச்கிட்ட மறைக்கிறா. பத்துக்கு மூணு."

ரெண்டு சுத்து. அதை எண்ணிச் சொல்ல இந்த உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். அவள் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. வலது கால்ல மட்டும் குதி" என்றார் கோச்.

குதித்தேன். இறங்கும்போது லாக்கர் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"முதல்ல டாக்டரைப் பாரு. இந்த சீசன்ல உன்னை இறக்க மாட்டேன்" என்று நோட்டில் ஒரு கோடு இழுத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

அடுத்து எட்டாம் எண். சுமாரான மதிப்பெண்கள், சுமாரான வரிகள். கடைசிச் சீட்டில் கொஞ்சம் நிறுத்தினார்.

"கண்ண மூடிக்கிட்டு இவகிட்ட பந்தைக் கொடுக்கலாம். பத்துக்குப் பத்து."

அவள் தலை நிமிர்ந்தது. அவளுக்குப் பத்து போட இந்த அறையில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? முதல் ஐவரில் கார்டு இடத்துக்கு அவள் எண்ணைத்தான் கோச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உன் நல்லதுக்குத்தான். காலு மொத்தமா போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"சரிடி. முட்டியைப் பத்தி எழுதினது என் நல்லதுக்கு. மூணு மார்க் யார் நல்லதுக்கு?"

நீகேப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன்.

"பிரி" என்றேன். "நீ சுத்தினதுதானே."