படகு நடுங்கின காரணம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடலுக்கடியில் எதிலோ அடிபட்டதிலிருந்து சில்வெஸ்ரரின் படகுக்கு நடுக்கம். வேகத்தைக் கூட்டினால் இருப்பவரின் பல் கிடுகிடுக்கும். "மிதந்து வந்த மரக்குத்தி" என்று அனலைதீவு முழுக்கச் சொல்லிவிட்டான். மூன்றாந்தரம் சொன்னபோது குத்தி இரண்டு முழம் நீண்டிருந்தது.

நாளைக்குச் செவ்வாய். விடிய வெள்ளென, வழக்கம்போலத் தன் படகில், சிறுநீரகம் பழுதான குலசிங்கம் அண்ணையை இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகவேண்டும். பயணிகள் படகுக்குக் காத்திருந்தால் அவருடைய முறை தவறிவிடும். ஒரு முறை தவறினாலே மனுசனுக்கு மூச்சு முட்டும்.

சில்வெஸ்ரர் கரையில் நின்று யோசித்தான். தண்ணீரைத் தள்ளும் காத்தாடியில் பாசி இல்லை, வலைத்துண்டு இல்லை. கியர் போடாமல் முறுக்கினால் இயந்திரம் நடுங்காமல் குழந்தைப்பிள்ளை மாதிரி இருந்தது. ஆக, மேலே சுகம், கீழேதான் வருத்தம். நேற்று வீட்டில் கிடந்த பழைய காத்தாடியை மாற்றிப் போட்டும் பார்த்தான். நடுக்கம் கொஞ்சமும் குறையவில்லை.

இன்று காத்தாடியைக் கழற்றிவிட்டு, அது பூட்டியிருந்த வெறுந்தண்டின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு ஈர்க்கைப் பிடிக்கும்படி மனைவி மேரிசுகந்தியிடம் சொன்னான். தான் தண்டை மெல்லச் சுற்றினான்.

"தொடுது," என்றாள் அவள். "தொடேல்லை. தொடுது. தொடேல்லை."

"உம்மடை கை ஆடுது."

"என்ரை கையோ? இந்தாங்கோ, நீங்கள் பிடியுங்கோ."

இடம் மாறினார்கள். அவனுடைய கையிலும் ஈர்க்கு அதே கதையைத்தான் சொன்னது. தண்டு வளைந்துவிட்டது.

"மெள்ள மெள்ளப் போகலாம்தானே," என்றான், இயந்திரத்தைப் பார்த்து.

"நடுக்கடலிலை பல்லுச்சக்கரம் உடைஞ்சா, குலசிங்கண்ணையை நீந்தச் சொல்லுவீங்களோ? வாகீசனைக் கேளுங்கோ."

வாகீசனிடம் நல்ல படகு இருந்தது. நல்ல ஞாபகமும் இருந்தது. அங்கேதான் சிக்கல். தண்ணீருக்கடியில் கிடக்கும் கற்பாருக்கு மேலே ஏறாமல் வருவதற்கு எல்லாரும் கோயில் மணிக்கோபுரத்தோடு கரையில் நின்ற ஒற்றைப் பனையை ஒரே கோட்டில் நேர்பிடித்துத்தான் ஓடுவார்கள். அந்தப் பனையைக் குசினிக் கூரைக்கென்று போன மாதம் வாங்கித் தறித்தவன் சாட்சாத் சில்வெஸ்ரர். "கடல்காரன் தறிக்கிற மரமோ இது?" என்று வாகீசன் கேட்டபோது, "எனக்குப் போனிலை வழி தெரியும்" என்று சொன்னவனும் அவனே. வெள்ளிக்கிழமை போன் சட்டைப்பைக்குள் கிடந்தது. கண் தன்பாட்டில் பனையைத் தேடி, பின்னால் நின்ற வேறொரு பனையைப் பிடித்துக்கொண்டது.

வாகீசன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"விடிய உம்மடை படகு வேணும். குலசிங்கண்ணைக்கு."

"உம்மடை படகு?"

"தண்டு வளைஞ்சுபோச்சு." சில்வெஸ்ரர் வலையைப் பார்த்துச் சொன்னான். "குத்தியுமில்லை ஒரு கோதாரியுமில்லை. பாரிலை ஏத்தினனான். பிழையான பனை."

வாகீசன் சிரிப்பான் என்று சில்வெஸ்ரர் நெஞ்சைத் திடப்படுத்தி வைத்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாயிருந்தது.

"நாலரைக்கு வாறன், நானே ஓட்டுறன்," என்றான் வாகீசன். "உம்மடை குசினிக் கூரையிலை ஏறி நிண்டு வழி காட்டுவீரோ?"

அப்போதுதான் சிரித்தான்.

குலசிங்கம் அண்ணை வாசலில் கதிரை போட்டு, வீங்கின காலை நீட்டி இருந்தார். சில்வெஸ்ரர் நின்றபடியே சொன்னான்: "நாளைக்கு வாகீசன்ரை படகு, அண்ணை. வெள்ளிக்கிழமை என்ரை பிழை."

"தெரியும். நான் படகிலை இருந்தனான்தானே. நீர் பின்னாலை நிண்ட பனையைப் பாத்து நேர்பிடிக்கேக்கையே எனக்குத் திக்கெண்டது."

"பிறகேன் அண்ணை ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை? எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே!"

அவர் காலை மெல்ல மடக்கினார்.

"நீர் கோவிச்சுக்கொண்டு விட்டால், என்னை ஆர் ஏத்துறது?"

சில்வெஸ்ரர் கீழே குந்தி, அவருடைய காலை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான்.