காதில் வைத்த பஞ்சு

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடிக் கட்டிலில் படுத்தபடியே, கல்கிசையில் ஓடும் வாகனத்தின் எஞ்சின் எத்தனை சீ.சீ. என்று சொல்லக்கூடிய காது தன்னுடையது என்று தில்லைநாதன் முப்பத்தொரு வருடமாகச் சொல்லிவந்தார். நடுவில் எத்தனை பஸ் ஹோர்ண் அடித்தாலும், கடல் எவ்வளவு இரைந்தாலும் கவலையில்லையாம். அந்தக் காதில் இப்போது, பிரேதத்தை ஒழுங்கு செய்ய மலர்ச்சாலையிலிருந்து வந்த ஆள் பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் மெதுவா வையுங்கோ," என்றாள் சிவமணி.

அந்த முப்பத்தொரு வருடமும் அந்தக் காதை நம்பாத ஒரே ஆள் அவள்தான்.

பெண் பார்க்க வந்த அன்றே அது தொடங்கியது. வாசலில் ஒரு லொறி போனது. மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் முகட்டைப் பார்த்து, "நாலாயிரத்துத் தொளாயிரம். மூண்டாவது சிலிண்டருக்குத் தடிமன், மூக்கடைப்பு," என்றார். அதைக் கேட்ட லொறி வெட்கத்தில் சந்தியிலேயே நின்றுவிட்டது என்பது அவர் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்ட பகுதி. இத்தனைக்கும் மனிதருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஒரு மோட்டார் கம்பனியின் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் சாமான் எடுத்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். போனதும் வந்ததும் பஸ்ஸில். அந்த பஸ்களும் தன்னைக் கண்டால் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடும் என்பார். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துச் சிரித்தே நம்பினார்கள்.

பத்து மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. ஒழுங்கை முகப்பில் நின்ற பொலிசாருக்கு அடையாள அட்டையைக் காட்டி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்த ஒவ்வொருவரும் அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"கடைசியா என்ன கதைச்சவர்?"

"ஒண்டும் கதைக்கேல்லை."

எதிர்வீட்டு நேசமலர் கேட்டாள். பாமன்கடையிலிருந்து வந்த அன்னபாக்கியம் மாமி கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் கேட்டா.

"ஒரு சொல்லும் இல்லையே பிள்ளை?"

"இல்லை மாமி."

மாமி பிரேதத்தைப் பார்த்தா, அவளைப் பார்த்தா. தில்லைநாதன் ஒன்றும் சொல்லாமல் போனார் என்றால் யார் நம்புவார்கள்? அந்த வீட்டில் அன்றுவரை சொல்லப்பட்டவற்றுள் நம்ப முடியாதது அதுதான்.

அவர் கதைத்திருந்தார்.

சிவமணியின் தம்பி இரத்தினசிங்கம் இரண்டு மாதமாக ஒரு பழைய ஜீப் தேடிக்கொண்டிருந்தான். வவுனியாப் பக்கம் அகதி முகாம்களுக்குக் குழாய்க்கிணறு தோண்டுகிற வேலை கிடைத்திருந்தது. காட்டுப்பாதை, குளக்கட்டு, சேறு எல்லாவற்றிலும் போகக்கூடிய வாகனம் இருந்தால்தான் வேலை. பாமன்கடையில் ஒரு ஜப்பான் ஜீப் இருந்தது, ரெண்டாயிரத்து அறுநூறு சீ.சீ. கொட்டாஞ்சேனையில் புறோக்கர் அலவி காட்டியது பழைய இங்கிலீஷ் ஜீப், ரெண்டாயிரத்து இருநூற்றைம்பது. பெரியது சேற்றிலிருந்து யானையை இழுக்கும், டீசலையும் யானை மாதிரிக் குடிக்கும். சின்னது குறையக் குடிக்கும், ஏற்றத்தில் கொஞ்சம் யோசிக்கும். களுபோவில ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அத்தானும் மச்சானும் இதையேதான் கதைத்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது என்று டொக்டர் சொன்னபோது, "அது எத்தனை சீ.சீ. டொக்டர்?" என்று கேட்டவர் தில்லைநாதன். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு இரத்தினசிங்கம் கொட்டாஞ்சேனை ஜீப்பை ஓட்டிவந்தான். அத்தானால் மாடி இறங்க முடியாது. அதனால் ஒழுங்கையில் மேலும் கீழுமாக மூன்று தரம் ஓட்டிவிட்டு, யன்னலை அண்ணாந்து பார்த்தான்.

"எப்பிடி அத்தான்?"

தில்லைநாதன் கண்ணை மூடிக் கிடந்தார். யன்னல் பக்கத்துக் காது மட்டும் விழித்திருந்தது.

"சிவமணி, இது அவங்கள் சொன்ன எஞ்சின் இல்லை," என்றார். "இருநூறு குறையுது. ஆரோ மாத்திப் போட்டிருக்கிறாங்கள். தம்பியிட்டைச் சொல்லு, வாங்க வேண்டாம்."

"பேசாமல் கிடவுங்கோ. உங்கட காதும் நீங்களும்."

வெள்ளிக்கிழமைக்குள் வாகனம் இல்லாவிட்டால் தம்பியின் வேலை போய்விடும். இவருக்கோ காலையிலிருந்து காய்ச்சல். சிவமணி யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, சரி என்று ஆட்டினாள். ஜீப் சந்தோசமாக ஒரு ஹோர்ண் அடித்துவிட்டுப் போனது. அவள் கொத்தமல்லித் தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது, தில்லைநாதன் யன்னல் பக்கம் முகத்தை வைத்தபடியே போயிருந்தார்.

பதினொரு மணிக்கு இரத்தினசிங்கம் வந்து அவளருகே குந்தினான். பின்னால் தொப்பியுடன் அலவி.

"அக்கா, நாளைக்குச் சாம்பல் அள்ளிக் காடாத்து முடிய நான் வெளிக்கிடத்தான் வேணும். குறை நினையாதை."

அவள் தலையாட்டினாள்.

"அத்தான் கேட்டுச் சரி எண்ட வாகனம். அந்தத் துணிவிலைதான் கையெழுத்து வைச்சனான். இல்லாட்டி மற்றதை எடுத்திருப்பன்." அவன் பிரேதத்தைப் பார்த்தான். "எனக்கெண்டு வேறை ஏதும் சொன்னவரே?"

சிவமணி பதில் சொல்ல வாய் திறந்தாள். காலையிலிருந்து பழகிய சொல்தான். இம்முறை அது வரவில்லை.

"வாங்க வேண்டாம் எண்டவர்."

"என்ன?"

"இருநூறு குறையுதாம், எஞ்சின் மாத்தியிருக்காம். கை காட்டினது நான், தம்பி. அவர் இல்லை."

இரத்தினசிங்கம் அலவியைப் பார்த்தான்.

"தங்கச்சி, நம்பரும் புக்கும் ஒண்டுதானே," என்றார் அலவி தணிந்த குரலில். "நானே பாத்தேன். சரியாத்தான் ஈந்திச்சி."

சிவமணி எழுந்தாள்.

"எங்கை பிள்ளை, பிரேதத்தை விட்டிட்டு?" என்று மாமி சேலையைப் பிடித்தா.

"கீழை."

ஒரு சாவீடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. தலைவிரி கோலமாக அவள் மூன்று மாடியும் இறங்கினாள். ஒழுங்கையில் நின்ற ஜீப்பின் பொனெற்றைத் தம்பி தூக்கினான். எஞ்சினில் நம்பர் அடித்த இடம், வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள அதே நம்பர், எண்ணெய் அழுக்கின் கீழ் தெரிந்தது. அவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"துடை," என்றாள் சிவமணி.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான். அலவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பெருவிரலால் அந்த இரும்பைத் தடவினார். மறுபடி தடவினார்.

"இந்த இடம் பள்ளமா ஈக்கி," என்றார். "பழைய நம்பர ராவிப் போட்டு, புதுசு அடிச்சீக்காங்க. இங்க, இந்த ஏழுக்குக் கீழ பாருங்க."

பிறகு எஞ்சினின் பக்கவாட்டில் வார்த்திருந்த எழுத்துகளை டோர்ச் அடித்து வாசித்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டாயிரத்தைம்பது. இத விடப் பழைய ஜீப்புட எஞ்சின். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. எனக்கே வெளங்கல்ல, தம்பி. எனக்குத் தந்தவனிட்டயே திருப்பிக் கொண்டுபோறேன்."

இரத்தினசிங்கம் முன்சில்லில் சாய்ந்து நின்றான். இங்கிருந்து வவுனியா வரைக்கும் எத்தனை ஆமிச் செக் பொயின்ற் என்று யாரும் எண்ணிச் சொல்லத் தேவையில்லை. தமிழ்ப் பெயர், வடக்கே போகிற பாதை, ராவிய நம்பர். எங்காவது ஒருவன் இதே மாதிரி ஒரு துணியால் துடைத்திருந்தால்...

"இவனைப் பிடிச்சிருந்தால், தேடி நாங்கள் எங்கை போறது," என்றாள் சிவமணி, ஜீப்பைப் பார்த்து.

இரண்டு மணிக்கு ஐயர் அவசரப்படுத்தினார். இருட்டுமுன் கனத்தைச் சுடலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பிரேத வண்டி ஒழுங்கைக்குள் வர இடம் வேண்டுமென்று யாரோ கீழிருந்து கத்தினார்கள். அலவி ஜீப்பின் திறப்பை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் சிவமணி. அரிசியைப் போட்டுவிட்டு அவள் நகரவில்லை. நேசமலர் தோளைத் தொட்டாள்.

"அக்கா, மற்ற ஆக்களும் நிக்கினம்."

கீழே ஜீப் ஸ்டார்ட் ஆனது. அதிர்ந்து, இருமி, பிறகு ஒரு சீராக உறுமியது. அவளுக்கு அது எப்போதும் போல வெறும் சத்தமாகவே கேட்டது.

சிவமணி குனிந்தாள். யன்னல் பக்கத்துக் காதிலிருந்த பஞ்சை இரண்டு விரலால் மெதுவாக எடுத்தாள்.

"ஓம். இருநூறு குறைவுதான்," என்றாள் அந்தக் காதுக்குள்.

ஜீப் ஒழுங்கையில் ஊர்ந்து போய் மெயின் றோட்டில் திரும்பி, பஸ்களின் இரைச்சலோடு கலந்தது. மற்றவர்களுக்கு அது கேளாமல் போய் வெகுநேரமாகியும் அவள் பஞ்சைக் கையிலேயே வைத்திருந்தாள். ஜீப் கல்கிசை வரைக்கும் போகட்டும் என்பது போல.